மட்டைக்கு எண்ணெய் காட்டிய கதை

கூச்ச சுபாவம் உள்ளவர்களைக் கடைக்கு அனுப்பக் கூடாது. அவர்கள் எதையும் கேட்டு வாங்க மாட்டார்கள். தாங்களாகவே மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவையும் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேருவார்கள். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதுவரைக்கும் வகுப்பில் 'உள்ளேன் டீச்சர்' தவிர வேறெதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை. (அதுவும் டீச்சர் காதுக்கு எட்டாமல் பாதி நாள் ஆப்சென்ட்.)

இப்பேர்ப்பட்ட வாயாடியைத்தான் டில்லியில் சாஃப்ட்பால் மட்டை வாங்க அனுப்பினார்கள்.

எழுபதுகளின் கடைசி. கரோல் பாக்கில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை. ஒரே மகள் கலா, பதினொரு வயசு, பள்ளிக்கூடத்தில் சாஃப்ட்பால் டீமில் சேர்ந்திருந்தாள். கிரிக்கெட்டுக்குத் தங்கச்சி மாதிரி ஒரு ஆட்டம் அது. பந்து பெரிசு, மட்டை உருண்டை, அடித்துவிட்டு மூலைக்கு மூலை ஓட வேண்டும்.

இவருக்கு அது பிடிக்கவில்லை. "பொம்பளைப் பிள்ளைக்குக் கட்டையும் கையுமா என்ன விளையாட்டு? சரி, சனிக்கிழமை மேட்ச் ஆடட்டும். ஆனா ஸ்கூல்ல இருந்து ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சு, அதோட சரி. பாட்டு கிளாஸ்ல சேத்துடுவேன்" என்றார். (கலாவின் குரலைக் கேட்டவர்களுக்கு, இந்தத் தண்டனை அவளுக்கா அக்கம்பக்கத்துக்கா என்று சந்தேகம் வரும்.)

எனக்கு அவள் ஆட வேண்டும் என்று ஆசை. நான்தான் ஓடியதில்லை, அவளாவது ஓடட்டுமே.

இந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்து மட்டை விரிசல் விட்டது. முடிந்தவர்கள் சொந்த மட்டை கொண்டு வரலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"அம்மா, லைட்டா இருக்கணும். பிடி வழுக்கக் கூடாது. நானும் வரேனே" என்றாள் கலா.

"நீ வேண்டாம். ஹோம்வொர்க்கைப் பாரு."

காரணம் ஹோம்வொர்க் இல்லை. பிள்ளை ஆசையாகப் பார்த்துவிட்டால் அந்தப் பொருளுக்குக் கரோல் பாக்கில் தனி விலை. அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம், மட்டையைப் பற்றி ஏதோ கொஞ்சம் தெரிந்தவளை வீட்டில் விட்டுவிட்டு, ஒன்றுமே தெரியாதவள் கிளம்பினேன். என் சாமர்த்தியம் அப்போதெல்லாம் அந்த ரகம்.

கடைக்கார லாலா யாருக்கு என்று கேட்டார். தோள் உயரத்துக்குக் கையைக் காட்டினேன். மூன்று மட்டைகளை எடுத்து முன்னால் வைத்து, "கூமாகே தேக்கோ, பெஹன்ஜி" என்றார். சுழற்றிப் பார்க்கச் சொல்கிறார். கடை நிறைய ஆம்பிளைகள். நான் சொந்த அக்கா கல்யாணத்தில் கும்மியடிக்கக் கூச்சப்பட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றவள். நடுக்கடையில் நின்று கட்டையைச் சுழற்றுவேனா?

எனக்குத் தெரிந்த முறையில் சோதித்தேன். தேங்காயைத் தட்டுகிற மாதிரி ஒவ்வொன்றையும் தட்டிக் காதை வைத்துக் கேட்டேன். முகர்ந்து பார்த்தேன். (என்ன வாசனையை எதிர்பார்த்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.) கடைசியில் பித்தளைப் பாத்திரம் பார்க்கிற மாதிரி கையில் தூக்கிக் கனம் பார்த்தேன். எங்கள் ஊரில் பாத்திரம் என்றால் கனம்தான் கணக்கு. லேசாக இருந்தால் கடைக்காரன் ஏமாற்றுகிறான். கலா 'லைட்டா' என்று சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்? அதோடு வளர்கிற பெண். பாவாடைக்கே உள்மடிப்பு வைத்துத் தைக்கிறோம். மட்டைக்கு மடிப்பு வைக்க முடியாதே. மூன்றையும் தள்ளிவிட்டு, சுவரில் சாத்தியிருந்த ஒரு பெரிய மட்டையைக் காட்டினேன்.

"அரே, யே தோ படே லட்கோன் கா ஹை" என்றார் லாலா. பெரிய பையன்கள் ஆடுவதாம்.

"அச்சா" என்றேன். எனக்கு இந்தி தகராறு செய்கிற இடத்தில் எல்லாம் அச்சா சொல்லிவிடுவேன்.

வீட்டில் கலா அதைத் தூக்கிப் பார்த்தாள். மட்டை அவளைத் தூக்கிப் பார்த்த மாதிரி இருந்தது.

"என்னம்மா இது, உலக்கையா?"

"போகப் போகப் பழகிடும்."

"மேட்ச் நாளைக்கும்மா. போய் மாத்திட்டு வாம்மா."

மாற்றுவதா? அதற்கு லாலாவிடம் பேச வேண்டுமே. "ராசியான மட்டை. மாத்தக் கூடாது" என்று ஒரே போடாகப் போட்டேன்.

இத்தோடு விட்டிருந்தால் பிள்ளை தப்பித்திருப்பாள். மறுநாள் காலை அவள் குளிக்கப் போன நேரம் மட்டையை எடுத்துப் பார்த்தேன். பிடியில் கறுப்பாக ஒரு நாடா சுற்றியிருந்தது. கடையில் பிரிக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று இழுத்து இழுத்துப் பிரித்து எறிந்தேன். அடியில் மரம் வறண்டு கிடந்தது. புது மரச் சாமானை எண்ணெய் காட்டாமல் யாராவது புழங்குவார்களா? சப்பாத்திக் கட்டைக்கு என்ன செய்வேனோ அதைச் செய்தேன். நல்லெண்ணெயைச் சூடு செய்து நுனியிலிருந்து அடிவரை தேய்த்தேன். பிடிக்கு ரெண்டு தரம். பிறகு குங்குமத்தைக் குழைத்துப் பட்டையாக இட்டு, சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, கண் படாமல் செய்தித்தாளில் சுற்றிக் கலா கையில் கொடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

மேட்ச் பார்க்க நானும் போனேன். கடைசி வரிசை நாற்காலி, முக்காடு. முன்னால் ஷாமியானாவில் சிறப்பு விருந்தினர், ஒரு ரிட்டையர்டு ஆபீசர், வெள்ளை சஃபாரி சூட்டில். அவர் முன்னால் ஒரு மேஜை, தட்டு நிறைய சமோசா.

கலாவின் முறை வந்தது. செய்தித்தாளைப் பிரித்தாள். மட்டையைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். கடைசி வரிசையைப் பார்த்தாள். நான் 'ம், அடி' என்று தலையாட்டினேன்.

அவள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பந்து வந்தது. முழு பலத்தோடு வீசினாள். பந்து அதுபாட்டுக்குப் போனது. மட்டை இன்னொரு பக்கம் போனது. மீன் மாதிரி அவள் கையை விட்டு நழுவி, ஆகாயத்தில் சுற்றிச் சுற்றி, ஷாமியானாவுக்குள் நுழைந்து சமோசாவில் இறங்கி, அங்கிருந்து உருண்டு ஆபீசர் மடியில் உட்கார்ந்தது. வெள்ளைச் சட்டையில் சிவப்பாக ஒரு கோடு.

"கூன், கூன்" என்று யாரோ கத்தினார்கள். ரத்தமாம். ஆபீசர் குனிந்து பார்த்தார். வலிக்கவில்லையே என்று யோசிக்காமல், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்போர்ட்ஸ் மிஸ் பாய்ந்து வந்து கலாவின் கையைப் பிடித்தாள். எண்ணெயைப் பார்த்ததும் முகம் மாறியது. "இது யார் வேலை? விளையாட்டா உனக்கு?" என்று இந்தியில் விளாசினாள். கலா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. "திங்கட்கிழமை உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா."

அப்பாவா? அப்பா வந்தால் பாட்டு கிளாஸ்.

எப்படி எழுந்தேன், எப்படி மைதானத்தைத் தாண்டினேன், தெரியாது. அத்தனை பேர் முன்னால் போய் நின்றுகொண்டு, "பேட் மேரா. தேல் மேரா. குங்கும் பீ மேரா. பச்சி நே குச் நஹீன்" என்றேன். எல்லாம் என் வேலை, குழந்தை ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம். என் வாழ்க்கையில் முதல் மேடைப்பேச்சு அதுதான். போன வேகத்தில் முக்காடு வேறு விழுந்துவிட்டது.

ஆபீசர் ஒரு கண்ணைத் திறந்தார். சட்டையைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். "தில் கா தேல்?" என்று கேட்டார். நல்லெண்ணெயா என்கிறார்.

"அச்சா" என்றேன்.

முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு மிஸ். பிறகு மைதானமே. அப்பா வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோடு போடுகிற சுண்ணாம்புப் பொடியை எடுத்துக் கலா உள்ளங்கையில் மிஸ்ஸே தேய்த்தாள். எதிர் டீமிலிருந்து ஒரு மட்டையைக் கடன் வாங்கினார்கள். அடுத்த முறை கலா அடித்து, ரெண்டு மூலை ஓடினாள். எங்கள் பள்ளிக்கூடம் தோற்றது. அதைப் பற்றி யாருக்குக் கவலை.

கம்ப்ளெயின்ட் வீட்டுக்கு வரவில்லை. கதை வந்தது. சாப்பாட்டுத் தட்டு முன்னால் கலா அதை நடித்தே காட்டினாள். இவர் சிரித்துப் புரையேறி, மறுவாரம் தானே அவளைக் கூட்டிக்கொண்டு போய் லேசான மட்டை வாங்கித் தந்தார். பழையதைத் திருப்பி எடுத்துக்கொள்ள லாலா மாட்டேன் என்றுவிட்டாராம். பொட்டு வைத்த மட்டையை வேறு யார் வாங்குவார்கள்? குளிர் முடிந்ததும் மொட்டை மாடியில் பஞ்சு வைத்த ரஜாய்ப் போர்வையைத் தொங்கவிட்டுத் தூசி தட்ட, அதைப்போல ஒரு சாமான் கிடையாது. நல்ல கனம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முக்கியமான காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் யாரும் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. ரெண்டு உள்ளங்கையையும் என்னிடம் விரித்துக் காட்டுவார்கள், எண்ணெய் இல்லை என்று. பரீட்சைக்குப் போனபோது கலா காட்டினாள். பிரமோஷன் இன்டர்வியூவுக்குப் போனபோது இவர் காட்டினார். கலா கல்யாணத்தன்று, மாப்பிள்ளை கையைப் பிடிக்கப் போகிற நேரம், இவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். மண்டபத்துக்கே திக்கென்றது. கலா மணையில் உட்கார்ந்தபடியே என் பக்கம் திரும்பி, உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டு, அப்புறம்தான் அவர் கையில் கொடுத்தாள்.