அரக்கு நிறப் படகும் எண்பத்துநாலு கிலோவும்

கேளீர், கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட திருநாட்டில் வாழும் பெருங்குடி மக்களே! உலக வரலாற்றையே திசைதிருப்பியிருக்க வேண்டிய ஒரு பெருஞ்சமரை இங்கே உரைக்கப் புகுகிறோம். கொசத்தலையாற்றுக் கெண்டைகளும் கெளுத்திகளும் நீந்துவதைச் சற்றே நிறுத்திச் செவிசாய்க்கட்டும். வலைவீசிய திருத்தூதர்கள் எம் பேனாவைக் காக்கட்டும்.

வாழ்க, சாந்தோம் ஈன்ற சிங்கம், பத்தாம் வகுப்புக் கணக்கின் காவலர், தூண்டிலேந்திய தடந்தோளர் ராஜநாயகம்! ஞாயிற்றுப் பூசை முடிந்த கையோடு, ஆற்றில் மீன்பிடிக்க ஒற்றையாள் துடுப்புப் படகொன்று கொள்ளும் பொருட்டு, இல்லத்தரசி ஜூலியட் முன்செல்ல, மாம்பலம் ரயில் நிலையம் கக்கிய மனிதவெள்ளத்தைப் பிளந்து, கட்டைப்பைகள் கேடயங்களாகவும் குடைக்கம்பிகள் வேல்களாகவும் மோதிய தெருக்களைக் கடந்து, பாண்டி பஜாருக்குப் பின்னாலிருந்த அய்யாதுரையின் விளையாட்டுச் சாமான் கடையை அவர் அடைந்த மாட்சியை எங்ஙனம் உரைப்போம்!

ஆனால் அந்தோ, வீரர் நெஞ்சில் ஒரு முள் கிடந்தது. சர்க்கரைக்கு அஞ்சிய மனையாளின் ஆணைப்படி, தினமும் விடியலில் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு நடைபயிலப் புறப்படும் அவர், உண்மையில் மயிலைக் குளத்தருகே ஒரு மெஸ்ஸில் நெய்யொழுகும் பொங்கற்குன்றைத் தகர்த்து, வடைப்படையை முறியடித்து, சாம்பார்க்கடல் நீந்தி மீள்வது வழக்கம். வீட்டு எடைமிஷினைத் தாமே ரிப்பேராக்கிவிட்டு, எடை எண்பத்துநாலாகக் குறைந்ததென்று அறிவித்துமிருந்தார். மெய்யெடை தொண்ணூற்றேழு.

கடையில் நின்றதோ அரக்கு நிறத்தில் ஓர் ஒல்லிப் படகு. அகலப் படகு சுவரில் படமாக மட்டும் முறுவலித்தது.

"இது ஆளு, தூண்டிலு, பிடிக்கிற மீனு எல்லாஞ் சேத்து தொண்ணூறு கிலோ தாங்கும், பாத்துக்கிடுங்க. அகலமானதுன்னா நூத்தம்பது," என்றார் அய்யாதுரை.

"இவருக்கு எண்பத்துநாலுதான். இதே போதும்," என்றார் ஜூலியட்.

நாயகர் தம் முதற்கணையை ஏவினார்: "இந்த நிறத்தைக் கண்டால் மீனினம் மிரளும்!"

கணை முறிந்தது. பட்டுப்புடவையைக் கடைவாசல் வெயிலில் பிரித்துப் பாராமல் ஒருநாளும் வாங்கியறியாத ஜூலியட், "டியூப்லைட்ல கலர் தெரியாது அண்ணாச்சி. வெளியே கொண்டாங்க," என்றார். பட்டத்து யானைபோல் படகு தெருவுக்கு எழுந்தருளியது. தி.நகரே திரண்டு வழிமறித்தது.

"இன்னா சார், மழைக்கு முன்னாடியே போட்டு எட்த்துக்கினியா?" என்று முழங்கினார் ஓர் ஆட்டோ சாரதி. "வேளச்சேரிக்கு ஷேர் போவுமா?"

"வெயில்ல ஜொலிக்குது பாருங்க. உக்காருங்க," என்றார் ஜூலியட்.

அமர்ந்தார். குடத்துக்குள் களிறு புகுந்தாற்போல் இடுப்பு இருபுறமும் இறுகியது. ஜூலியட்டோ, பணம் அனுப்ப ஃபோனை ஓங்கியவாறு கல்லாவை நோக்கி நடந்தார். அக்கணமே ஞாலம் மறைந்து, நாயகர் கண்முன் நடுவாறு விரிந்தது. படகு அமிழ்கிறது, நீச்சலறியாத தாமும் அமிழ்கிறார், தாம் பிடிக்கவந்த கெண்டைகளே சுற்றிநின்று வேடிக்கை பார்க்கின்றன. ஒருபுறம் உயிர், மறுபுறம் பொங்கல். இதனினும் கொடிய தேர்வு எவ்வீரனுக்கு வாய்த்தது? நெடுநேரம் தயங்கினார் என்பதை மறைப்பதற்கில்லை.

பின், இடுப்போடு படகும் எழ, எழுந்தார்.

"நிறுத்துக, ஜூலியட்! நான் தொண்ணூற்றேழு! பூங்காவின் வாசலையும் மிதித்தறியேன்! பொங்கலே என் நடை, வடையே என் ஓட்டம்!"

ஹாரன்கள் அடங்கின. திசைகள் நடுங்கின.

"தெரியும்," என்றார் ஜூலியட். "வாக்கிங் போற மனுஷனுக்கு ஷூ தேயணும். உங்களுக்கு பேண்ட்டுதாங்க கிழியுது. நீங்களே வாயத் தொறக்கட்டும்னுதான் இந்த ஒல்லியப் புடிச்சேன். நாளையிலேருந்து நானும் கூட வர்றேன், நடங்க."

மெஸ்ஸென்னும் பேரரசு அவ்வொரு சொல்லில் சரிந்தது. எனினும் ஆறு மிஞ்சியது! உண்மையுரைத்தோன் உயிர்மீண்டான்! அவ்விழப்பையே விலையாய்த் தந்து வென்றெடுத்த அகலப் படகில் ஏறி, அலைகளைக் கிழித்து, கெளுத்திக்குலம் கலங்கத் தூண்டில் வீசப்போகும் தம் திருக்கோலத்தை எண்ணி நாயகர் நிமிர்ந்து நிற்க, "அண்ணாச்சி, அந்த அகலத்தையே போடுங்க," என்று அரசி ஆணையிட, அய்யாதுரை குடோனுக்குள் புகுந்து, கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

அகலப் படகு ஸ்டாக் இல்லை.