பெட்டி மூடு படலம்

வாழ்க அவள் வலக்கை, சூடுபட்டுச் சிவந்த சுட்டுவிரலோடு! வாழ்க அவள் இடக்கை, எந்தப் பொருளை எங்கே வைத்தோம் என்று ஒருநாளும் கவலைப்படாத பெருந்தன்மையோடு! குடையை வகுப்பிலும் வகுப்பு நோட்டைப் பேருந்திலும் விட்டுவந்த வள்ளல். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அரைமணி நேரம் அதையே தேடிய தேடல்நாயகி. தொழில்நுட்பக் கல்லூரியின் மின்னணுப் பிரிவில் இரண்டாம் ஆண்டுக் கடைசி பெஞ்சுக்கு அணிகலன். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப்பதிவேட்டில் மட்டும் உறங்கிக்கிடக்க, உற்றாரும் வாத்தியாரும் ஒருமனதாக 'மறதி' என்றே அழைத்த அந்த மங்கைநல்லாள், நான்கு ஸ்க்ரூவும் ஒரு மூடியும் உடைய சிறு மரப்பெட்டி ஒன்றோடு பிற்பகல் இரண்டு மணி முதல் நாலு மணி வரை பொருத பெரும்போரை இங்கே விரித்துரைக்கப் புகுந்தோம்.

ஆய்வகத்துச் சால்டரிங் புகையே, எத்திசையில் ஊதினாலும் ஊதியவர் மூக்கையே தேடி வரும் விசுவாசமுள்ள புகையே, இக்கதை நடுவில் கருகாமல் நீயே காக்க வேண்டும்.

போருக்குக் காரணம் வேண்டும் அல்லவா? காரணம் அவளுடைய அப்பா. முப்பது ஆண்டுகள் அச்சகத்தில் இயந்திரத்தின் விலாவருகே நின்று, அதன் இரைச்சலுக்குத் தம் இரு செவிகளையும் தவணை முறையில் கொடுத்துத் தீர்த்தவர். இப்போது வீட்டின் பின்னறையில், வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கிழிந்த புத்தகங்களுக்குப் பைண்டிங் போடுகிறார். வாசற்கதவோ சாத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் சாதி. அம்மா வேலை முடிந்து வர ஏழு மணியாகும். மறதிக்குச் சாவி நினைவிருந்த நாள்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

போன பருவத்தில் ஒருநாள், கொட்டும் மழையில், நம் நாயகி சாவியின்றி வாசலில் நின்றாள். மணியடித்தாள். கதவைத் தட்டினாள், பின் குத்தினாள், பின் உதைத்தாள். கைபேசியில் கூப்பிட்டாள், அது பின்னறையில் காகிதக் கட்டின் அடியில் கிடந்து தன் கடமையைச் செய்தது. ஒன்றரை மணி நேரம் அவள் எழுப்பிய பேரொலி கேட்டு, அந்தத் தெருவில் அப்பா ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் தத்தம் கதவைத் திறந்தார்கள். கடைசியில் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர், சன்னல் வழியே தற்செயலாகப் பார்த்துக் கதவைத் திறந்தார். நனைந்து நின்ற மகளைக் கண்டு, துண்டை எடுத்துவந்து தலை துவட்டிவிட்டார். மறுநாளிலிருந்து தினமும் நாலரை மணிக்குக் கையிலுள்ள வேலையை அப்படியே போட்டுவிட்டு, வாசலருகே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, கதவைத் திறந்துவைத்து, அதையே பார்த்துக்கொண்டு உட்காரத் தொடங்கினார். எதை மறந்தாலும் அந்த நாற்காலியை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை.

ஆகவே, பருவத்துக்கு ஒரு பொருள் செய்தே தீர வேண்டும் என்ற கல்லூரிக் கட்டளை வந்தபோது அவள் நொடியும் தயங்கவில்லை. வாசலில் ஒரு பொத்தான். அங்கிருந்து பின்னறைக்கு ஒரு வயர். பைண்டிங் மேசைமேல் ஒரு பெட்டி. பொத்தானை அமுக்கினால் பெட்டியின் முகத்தில் ஆறு சிவப்பு விளக்குகள் கண்சிமிட்டும். மின்சாரப் பாதி அவளுடையது. பெட்டிப் பாதியை ஏற்றவன் அவள் வகுப்புத்தோழன், நெட்டைக்குமரன், சட்டைப்பையில் எந்நேரமும் எஃகு அளவுகோல் செருகியிருந்ததால் 'ஸ்கேல்' என்ற விருதுப்பெயர் பெற்றவன். அவன் ப்ளைவுட்டை அறுத்து, ஒட்டி, மூன்று நாள் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கியிருந்தான். பெட்டியை யாராவது தொட்டால் உடனே கைக்குட்டையால் துடைப்பான்.

அந்த ஆய்வகத்துக்குக் காவலராக ஒரு உதவியாளர் இருந்தார். மாணவர்களுக்கு அவர் லேப் அண்ணா. அவருடைய சட்டம் சுவரில் ஒட்டப்பட்டு, காற்றாடிக் காற்றில் படபடத்துக்கொண்டிருக்கும்: மூடி பொருந்த வேண்டும்; நான்கு ஸ்க்ரூவும் இருக்க வேண்டும்; குலுக்கினால் உள்ளே எதுவும் ஆடக் கூடாது. இம்மூன்றும் தேறிய பொருளுக்கே முத்திரை. முத்திரை விழாதது அலமாரிக்குள் போகும். அன்றோ பருவத்தின் கடைசி நாள். நாலு மணிக்கு அலமாரி பூட்டினால் இரண்டு மாத விடுமுறை கழிந்துதான் திறக்கும். விடுமுறையிலும் அவளுக்குத் தினமும் தொழிற்சாலைப் பயிற்சி உண்டு. 'இன்னைக்கு எடுத்துட்டு வந்துடுவேன், நீங்க இனிமே வாசல்ல உட்கார வேண்டாம்' என்று காலையில்தான் அவள் அப்பாவின் காதருகே கத்திச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மணி இரண்டு. மூடியை எடுத்தாள், பெட்டிமேல் வைத்தாள், மூடி உட்காரவில்லை. இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், இடைவெளி விட்டு, வாய் மூடாத பிள்ளைபோல் இளித்தது. அமுக்கினாள், ஒரு மூலை இறங்க மறுமூலை எழுந்தது. மறுமூலையை அமுக்க முதல்மூலை பழி தீர்த்துக்கொண்டது. ஸ்கேல் தன் முழு ஆகிருதியோடும் மூடிமேல் உட்கார்ந்தான்; பெட்டி முனகியது, ஆனால் பணியவில்லை. மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமாக வயர்கள் பின்னிப் பிணைந்து, சீப்பையே பார்க்காத தலைபோல் கிடந்தன.

அங்கே தோழமைக்குள் உட்பகை மூண்டது.

"நான் எல்லாத்தையும் அளந்துதான் போட்டேன். போர்டு அளந்தேன், பேட்டரி அளந்தேன். தப்பு என் பக்கம் இல்ல" என்று முழங்கினான் ஸ்கேல்.

"வயர அளந்தியா?" என்று கேட்டாள் மறதி.

ஸ்கேல் வரைபடத்தை விரித்தான். அந்த அழகிய வரைபடத்தில் போர்டுக்கு நீள அகலம் இருந்தது. பேட்டரிக்கு உயரம் இருந்தது. வயர்கள் மட்டும் வெறும் பென்சில் கோடுகளாக ஓடின. கோட்டுக்கு ஏது கனம்? வயருக்கும் உடம்பு உண்டு என்பதை இரண்டு ஆண்டுகளில் எந்தப் பாடமும் அவனுக்குச் சொன்னதில்லை. இரண்டு நூல் இடைவெளி ஒரே நொடியில் சொல்லிவிட்டது. அவனாவது மறந்தான். அவளோ, ஒவ்வொரு வயரையும் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று ஒரு சாண் கூடுதலாக வெட்டி வைத்திருந்தாள். ஆக, பழியில் ஆளுக்குப் பாதி. அதை இருவரும் வாய்விட்டு ஒப்புக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

எடுத்தாள் சூட்டுக்கோலை, மாந்தர் சால்டரிங் அயர்ன் என்று வழங்கும் அந்தச் செந்தழல்முனை ஆயுதத்தை! அதை எடுக்குமுன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும் என்பது லேப் அண்ணா முதல் நாளிலிருந்து காதில் ஓதிவந்த விதி. அதை மறக்காமல் கழற்றி, ஈயச்சுருளுக்குப் பின்னால் பத்திரமாக வைத்தாள். பிறகு வயர்களை ஒவ்வொன்றாகத் தலை கொய்தாள், முனை சீவினாள், ஈயம் உருக்கி மீண்டும் ஒட்டினாள். புகை வந்து கண்ணைக் கரித்தது. சுட்டுவிரலில் ஒரு சூடு விழுந்தது. 'ஸ்ஸ்' என்ற ஓரெழுத்து மந்திரத்தை ஓதிவிட்டு மேலே சென்றாள். வெட்டுண்டு வீழ்ந்த துண்டுகள் மேசையெங்கும் சிதறிக்கிடந்தன.

அந்நேரம் பார்த்து நான்காவது ஸ்க்ரூ மேசையிலிருந்து குதித்தது. குதித்து, துள்ளி, மொத்த அறையிலும் எட்டாத இடம் எதுவோ அதைத் தேர்ந்தெடுத்து, அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்தது. ஸ்கேல் பூமியில் குப்புற விழுந்தான். பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தத்தைத் தன் எஃகு அளவுகோலின் நுனியில் ஒட்டவைத்து, அலமாரியின் இருளுக்குள் துழாவினான். முதலில் வந்தது ஒரு சாக்லேட் தாள் சுற்றிய கொண்டை ஊசி. பிறகு யாரோ என்றோ தொலைத்த ஒரு ஊக்கு. மூன்றாம் முறை, தூசு போர்த்தபடி, ஓடிப்போன ஸ்க்ரூ. அதைக் கைக்குட்டையால் துடைத்தபோது அவன் முகத்தில் இருந்த பெருமிதம், அவன் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவன்றுகூட இருந்ததில்லை.

மூன்றே முக்கால் மணிக்கு மூடியை வைத்தாள். என்ன அதிசயம், மூடி 'டக்' என்று உட்கார்ந்தது! இரண்டு நூல் இடைவெளி எங்கே போயிற்றோ, தலைமயிர் நுழையவும் இடமில்லை. நான்கு ஸ்க்ரூவும் நான்கு திசைக் காவலர்போல் இறங்கி நின்றன. லேப் அண்ணா வந்தார். பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினார். மேலும் கீழும் குலுக்கினார். ஒரு சத்தமும் இல்லை. அவர் புருவம் உயர்ந்தது; கை முத்திரையை நாடியது; முத்திரை மையில் பதிந்து எழுந்தது.

"எங்க, ஒரு தடவ அமுக்கிக் காட்டு" என்றார்.

அமுக்கினாள். ஆறு விளக்குகளும் ஆழ்ந்த மோனத்தில் இருந்தன. மறுபடி அமுக்கினாள். ஸ்கேல் அமுக்கினான். லேப் அண்ணா தாமே அமுக்கினார். பிறகு மூவர் பார்வையும் மெல்ல மெல்ல மேசைமேல் நகர்ந்து, ஈயச்சுருளைக் கடந்து, அதன் பின்னால் சமர்த்தாக உட்கார்ந்திருந்த பேட்டரியில் போய் நின்றது. மூடி ஏன் அவ்வளவு சுலபமாக மூடிற்று என்பது மூவருக்கும் ஒருசேர விளங்கியது.

"பேட்டரிய உள்ள வெச்சா மூடாதுல்ல" என்றான் ஸ்கேல், கேட்காத கேள்விக்குப் பதிலாக.

மறதி திரும்பிப் பார்த்தாள். சுவர்க்கடிகாரத்தில் எட்டு நிமிடம் மிச்சமிருந்தது. அவள் கண்ணுக்குள் அந்த நாற்காலி தெரிந்தது. இரண்டு மாதம், அறுபது மாலை, கதவையே பார்க்கும் அந்த முகம். சுவரில் படபடத்த சட்டத்தை எழுத்தெழுத்தாகப் படித்தாள். படித்து முடித்து நிமிர்ந்து, அந்த ஆய்வகம் அதுவரை கேட்டிராத பிரகடனத்தைச் செய்தாள்:

"மூடி மூடணும்னு இருக்கு, ஸ்க்ரூ நாலு இருக்கணும்னு இருக்கு, ஆடக் கூடாதுன்னு இருக்கு. பேட்டரி உள்ளதான் இருக்கணும்னு எங்கயும் இல்ல."

லேப் அண்ணா தம் சட்டத்தைத் தாமே முதன்முறையாகப் படிப்பவர்போல் படித்தார். "இல்லதான்" என்றார்.

அப்போது வந்தது ஸ்கேலின் சோதனை. வெளியே பேட்டரி வைக்க வேண்டுமானால் பெட்டியில் துளை போட்டாக வேண்டும். மூன்று நாள் தேய்த்த முதுகு! விரல்ரேகை படவும் பொறுக்காதவன் அவன். மறதி டிரில்லை நீட்டத் தயங்கினாள். அவன் அதைப் பிடுங்கிக்கொண்டு, "வேற யாராவது போட்டா கோணலாப் போகும்" என்று சொல்லி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நட்டநடுவில் அளந்து, தானே துளைத்தான். மரத்தூள் உதிர்ந்தது. அவன் கைக்குட்டை சட்டைப்பையை விட்டு வெளியே வரவில்லை.

பேட்டரி வயர் வெளியே வரும் அளவுக்கு நீளம் உண்டா? உண்டு. எல்லா வயரையும் குறைத்தவள் இந்த ஒன்றை மட்டும் குறைக்க மறந்திருந்தாள். ஒரு சாண் கூடுதலாக, 'எதுக்கும் இருக்கட்டும்' என்ற அதே நீளத்தில், துளை வழியே அது தலையை நீட்டியது. பேட்டரியைப் பெட்டியின் முதுகில் அணைத்துக் கட்ட ஏதாவது வேண்டுமே என்று மேசையைத் துழாவியவள், சட்டென்று தன் கூந்தலை அவிழ்த்தாள். சபதம் எதுவும் செய்யவில்லை. ரப்பர் பேண்ட் வேறு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். தலையிலிருந்த பேண்ட் இரண்டு சுற்றில் பேட்டரியை இறுகப் பற்றிக்கொண்டது.

மூடி பொருந்தியது. லேப் அண்ணா குலுக்கினார், எதுவும் ஆடவில்லை. அமுக்கினார், ஆறு விளக்குகளும் சிவக்கச் சிவக்கக் கண்சிமிட்டின. பெட்டியைத் திருப்பி நெடுநேரம் முதுகைப் பார்த்துவிட்டு, "பேட்டரி தீர்ந்தா மூடியக் கழட்டாமலே மாத்திக்கலாம். நல்லா யோசிச்சிருக்கீங்க" என்றார். இருவரும் நல்லா யோசித்தவர்களின் முகத்தை உடனே வைத்துக்கொண்டார்கள். நாலு அடிக்க ஒரு நிமிடம் இருக்கையில் முத்திரை விழுந்தது.

தலைவிரிகோலமாய், கரிபடிந்த கையளாய், வெற்றிப்பொருளை மார்போடு அணைத்து அவள் வீடு புகுந்தாள். அன்றும் கதவு அவளுக்காகத் திறந்தே இருந்தது. நாற்காலியில் அப்பா இருந்தார். அவரைக் கைபிடித்து எழுப்பிப் பின்னறைக்கு அனுப்பி, வேலையைப் பார்க்கச் சொல்லி, அவர் மேசைமேல் பெட்டியை நிறுத்தினாள். சுவரோரமாக வயரை இழுத்தாள். வாசற்புறம் பொத்தானைப் பொருத்தினாள். நாற்காலியைத் தூக்கிக் கூடத்தின் மூலையில் கொண்டுபோய்ப் போட்டாள். பிறகு வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்தி, பூட்டு விழும் ஓசையையும் கேட்டு, பெரும்பகை முடித்த வேந்தன் முரசில் கை வைப்பதுபோல், பொத்தானில் தன் சூடுபட்ட விரலை வைத்து அழுத்தினாள். தெரு அமைதியாக இருந்தது. எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை, பக்கத்து வீட்டுக் கதவும் திறக்கவில்லை. எந்தத் தலையும் எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே, தொலைவில், ஒரு செருப்பின் ஓசை எழுந்தது, வளர்ந்தது, நெருங்கியது.

விரலெல்லாம் பசையோடு அப்பா கதவைத் திறந்து, "இன்னைக்கும் சாவிய மறந்துட்டியா?" என்று கேட்டார்.