சாவி கற்றாழைத் தொட்டிக்கு அடியில்

தேயோ காலைச் சாப்பாட்டில் இரண்டாவது சோள ரொட்டியைக் கையில் எடுத்தபோது, மேஜைமேல் கிடந்த மகளின் கைபேசி உறுமியது. நொயெமி குளித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் போனை எட்டிப் பார்ப்பது அப்பனுக்கு அழகில்லை என்று தேயோவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் எட்டிப் பார்த்தார்.

அனுப்பியவர் பெயர் 'கருப்பு ஓநாய்'.

"அப்பா மேலே போயிட்டாரா? நாங்க ஒன்பது பேர் காத்துக்கிட்டிருக்கோம். நேத்து மாதிரியே போடு. அவருக்குத் தெரிஞ்சா எல்லாம் கெட்டுப்போயிடும்."

தேயோ ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

மேலே என்றால் மொட்டைமாடி. அங்கேதான் தேயோவின் மைக் செட் இருந்தது. நெட்டைக் கம்பத்தில் இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகள், ஒன்று கோயிலைப் பார்த்து, இன்னொன்று எதிர் மலையைப் பார்த்து. வஹாக்கா மலையில் சாந்தா பிரிகிதா என்ற அந்த ஊரில் காலை ஏழு மணிக்கு விடிவதே தேயோவின் தொண்டையில்தான். யார் வீட்டில் பன்றி அறுத்திருக்கிறார்கள், யாருக்குப் பார்சல் வந்திருக்கிறது, யார் மகன் கணக்கில் தேறவில்லை, யாருக்கு எந்த வியாதிக்கு மருந்து வந்து மருத்துவமனையில் காத்திருக்கிறது, எல்லாம் அங்கிருந்துதான் இறங்கும். அந்த ஊரில் ரகசியம் என்று ஒன்று இருந்தால், அது தேயோவுக்குத் தொண்டை கட்டிய நாளில் நடந்ததாக இருக்கும்.

சொந்த வீட்டு விஷயங்களும் அதே வழிதான். "நொயெமி, அம்மா சந்தைக்குப் போயிருக்கா. சாவி கற்றாழைத் தொட்டிக்கு அடியில. பீன்ஸை சூடு பண்ணிச் சாப்பிடு" என்று அவர் சொன்னால், மகளோடு சேர்ந்து எண்ணூறு பேர் கேட்டுக்கொள்வார்கள். மைக் இல்லாமல் மகளிடம் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. அதை அவர் கவனிக்கவும் இல்லை.

போன வெள்ளிக்கிழமைதான் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. "இங்க எத்தனை பேருக்கு பாஸ்வேர்ட் போடத் தெரியும்?" என்று ஆசிரியை கேட்டார். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். பக்கத்தில் இருப்பவன் தூக்கியிருக்கும்போது நாம் மட்டும் எப்படித் தூக்காமல் இருப்பது? வரும்போது ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தார்கள். தேயோ அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்தார்.

'முன்பின் தெரியாதவர்கள், அப்பாவிடம் சொல்லாதே என்பார்கள்.' சரியாக இருக்கிறது. 'ரகசிய வார்த்தைகளைப் பயன்படுத்துவார்கள்.' அதுவும் இருக்கும். 'பிள்ளையிடம் மனம் விட்டுப் பேசுங்கள்.'

"பேசிடுறேன்" என்று தேயோ மாடிப்படி ஏறினார்.

அவர் மனைவி பெர்பெத்துவா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எங்க போறீங்க? அவ குளிச்சிட்டு வரட்டும், கூப்பிட்டு உக்கார வச்சுக் கேளுங்க."

"நேரா கேட்டா மறைப்பாடி. வேரையே வெட்டணும்."

வேர் என்று அவர் நினைத்தது சீட்டை. அந்த ஊரில் இணையம் சிக்ஸ்தாவின் மளிகைக் கடையில் சீட்டாக விற்றது. சீட்டில் இருக்கும் எண்ணைத் தட்டினால் ஒரு நாள் முழுக்க இணையம் வரும். கடையும் பக்கத்து வீடுதான். நாலு எட்டில் போய்ச் சொல்லியிருக்கலாம். தேயோ மைக்கைத் தட்டினார்.

"வணக்கம், வணக்கம். முக்கிய அறிவிப்பு. கோயிலுக்குப் பின்னால, நீலக் கதவு வீட்டுல இருக்கிற என் மகள் நொயெமி, ஆறாம் வகுப்பு, பன்னிரண்டு வயசு. இவளுக்கு இனிமே யாரும் இணையச் சீட்டு குடுக்கக்கூடாது. முன்பின் தெரியாத ஆம்பளைங்க இவளுக்கு எழுதுறாங்க. திரும்பச் சொல்றேன்..."

திரும்பச் சொன்னார். மூன்று முறை சொல்வது தொழில் வழக்கம்.

நொயெமி ஈரத் தலையோடு, கையில் கைபேசியோடு முற்றத்தில் நின்றிருந்தாள். அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

மாலையில் சிக்ஸ்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"தேயோ அண்ணே, நல்லா இருக்கா இது? நான் அவளுக்கு ஒரு சீட்டுகூட விக்கலை. ஆனா ஐயோ பாவம், உன்னை வீட்டுல கொடுமைப்படுத்துறாங்களான்னு கிளாஸ் பூரா ஆளுக்கொரு சீட்டு உங்க பொண்ணு கையில திணிச்சிருக்கு. இப்ப அவகிட்ட இருபத்திமூணு நாள் இணையம் இருக்கு. என் கடையிலயே அவ்வளவு இல்ல!"

மறுநாள் காலை தேயோ மறுபடி கைபேசியை எட்டிப் பார்த்தார். நேற்று ஒரு ஓநாய்தான். இன்று நாற்பத்தொரு பேர்.

"யாரு உனக்குத் தொல்லை குடுக்கிறது? சொல்லு பொண்ணே."

"பயப்படாதே, நாங்க இருக்கோம்."

கடைசியில் அதே கருப்பு ஓநாய்: "நேத்து சேவல் ஏழு தடவை கூவிடுச்சு! ரொம்பப் பெரிய விஷயம்தான் போல."

"பெர்பெத்துவா!" தேயோ கைபேசியோடு அடுப்படிக்கு ஓடினார். "நேத்து நான் சொன்னது இவனுங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எதிர் மலை வரைக்கும் கத்தினீங்களே. தெரியாம இருந்தாத்தான் அதிசயம்."

"அது இருக்கட்டும். சேவல்னா என்ன?"

"சேவல்னா சேவல்."

"நம்ம வீட்டுல ஏதுடி சேவல்?"

அது உண்மைதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டில் ஒரு சேவல் இருந்தது. ஊராட்சித் தலைவரின் அம்மா இறந்த செய்தியைத் தேயோ படித்துக்கொண்டிருந்தபோது நடுவில் புகுந்து மூன்று முறை கூவியது. ஊரே சிரித்தது. அன்று மாலையே சேவல் மிளகாய்க் குழம்பானது. நொயெமி மட்டும் அன்று சாப்பிடாமல், கைபேசியில் பிடித்து வைத்திருந்த அந்தக் கூவலையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கோழி இனத்தையே சேர்ப்பதில்லை.

ஆக, இது ரகசிய வார்த்தை. துண்டுத்தாளிலேயே போட்டிருக்கிறது. ஊரில் சேவல் என்று பெயர் வாங்கியவன் ஒருவன்தான். முடிதிருத்தும் ரெய்னால்தோ. தலைமுடியைக் கொண்டை மாதிரி நிமிர்த்தி வைத்திருப்பான்.

தேயோ உள்ளே நுழைந்தபோது ரெய்னால்தோ ஊராட்சிச் செயலாளரின் தலையில் பாதி முடித்திருந்தான்.

"எடுறா உன் போனை!"

ரெய்னால்தோ எடுத்துக் காட்டினான். பட்டன் போன். இரண்டு பட்டன்கள் இல்லை.

"அண்ணே, இதுல மூணும் ஏழும் அமுங்காது. என் அம்மாவுக்கே நான் போன் பண்ண முடியலை. உங்க பொண்ணுக்கு எங்கேருந்து எழுதுவேன்?"

"அப்ப ஏழு தடவை கூவினது யாரு?"

"எனக்கு அடுத்த மாசம் கல்யாணம். என்னைப் போய்... மரியாதையா மைக்ல மன்னிப்புக் கேளுங்க. இல்லேன்னா இந்தப் பாதித் தலையோட செயலாளரையே சாட்சியா கூட்டிக்கிட்டுப் போய்ப் புகார் குடுப்பேன்!"

தேயோ நியாயமானவர். போய்க் கேட்டார்.

"வணக்கம், வணக்கம். சேவல் ரெய்னால்தோ என் மகளுக்கு எதுவும் எழுதலை. அவன் மேல எனக்கு இருந்த சந்தேகம் தீர்ந்துபோச்சு. திரும்பச் சொல்றேன், ரெய்னால்தோ மேல சந்தேகம்..."

அதுவரை ஊரில் யாருக்கும் ரெய்னால்தோ மேல் சந்தேகம் இருந்ததில்லை. மூன்றாவது முறை சொல்லி முடிப்பதற்குள் எதிர் மலையிலிருந்து பெண் வீட்டார் டெம்போ ஏறிவிட்டார்கள்.

அன்று மாலை அந்தப் பஞ்சாயத்தையெல்லாம் முடித்துவிட்டு வந்த தேயோ, மகளின் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கினார்.

"அப்பா, நான் ஒண்ணும் தப்புப் பண்ணலை."

"அப்ப யாரு அவனுங்க? சொல்லு!"

நொயெமி தலையை ஆட்டி மறுத்தாள். "சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். சொன்னாலும் நீங்க உடனே மேல போய் மூணு தடவை சொல்லுவீங்க."

தேயோவுக்கு அது சுருக்கென்று தைத்தது. இந்தப் பெண் முன்பெல்லாம் அறிவிப்புத் துண்டுகளை வரிசையாக அடுக்கி அவர் கையில் எடுத்துக் கொடுப்பாள். எப்போது நிறுத்தினாள் என்று யோசித்துப் பார்த்தார், ஞாபகம் வரவில்லை. எவனோ ஒருவன் தன் மகளைத் தன்னிடமிருந்து கொண்டுபோகிறான், அவன் முகம்கூடத் தனக்குத் தெரியாது என்று நினைத்தபோது கைபேசியைத் தரையில் அடிக்க ஓங்கினார். உடைக்க மனம் வரவில்லை. கரும் பீன்ஸ் கொட்டி வைத்த பானைக்குள் புதைத்து மூடினார். மறுநாள் காலை ஊர்ச் செய்தியோடு அதையும் சேர்த்துச் சொன்னார்: "என் மகளோட போன் அடுப்படியில பீன்ஸ் பானைக்குள்ள இருக்கு. பத்து மணிக்கு மேல வீட்டுல யாரும் இருக்க மாட்டோம். யாரும் அதைத் தொடக்கூடாது."

பெர்பெத்துவா தலையில் அடித்துக்கொண்டாள். "எலெயுத்தேரியோ!" அவருடைய முழுப் பெயரை அவள் சொன்னால் அடுத்து எதுவும் சொல்ல மாட்டாள் என்று அர்த்தம்.

அன்று முழுக்கப் பானை உறுமியது. அடுத்த நாளும் உறுமியது. நொயெமி சாப்பிட வரவில்லை. மூன்றாம் நாள் காலை, பானை உறுமுகிற உறுமலில் பீன்ஸ் மேலே துள்ள ஆரம்பித்தபோது தேயோவால் பொறுக்க முடியவில்லை. கையை விட்டுத் துழாவி எடுத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு செய்திகள்.

"ஏன் சத்தமே இல்ல?"

"அப்பா கண்டுபிடிச்சிட்டாரா?"

"இன்னைக்கு மூணாவது நாள். எங்களால முடியலை பொண்ணே."

படித்துக்கொண்டிருக்கும்போதே கைபேசி மணியடித்தது. திரையில் கருப்பு ஓநாய்.

"வந்தியா! இரு, உன் மானம் போறதை ஊரே கேக்கட்டும்!" தேயோ இரண்டு இரண்டு படியாக மாடிக்கு ஓடினார். பின்னாலேயே நொயெமி ஓடினாள். அவளுக்குப் பின்னால் மாவுக் கையோடு பெர்பெத்துவா.

"அப்பா, மைக் வேணாம்பா! ப்ளீஸ்பா!"

தேயோ மைக்கைப் போட்டார். பச்சை வட்டத்தை அமுக்கினார். கைபேசியை மைக்கோடு சேர்த்துப் பிடித்தார்.

"யார்டா நீ? என் பொண்ணுகிட்ட உனக்கு என்னடா வேலை?"

ஊர் முழுக்க அது எதிரொலித்தது. சிக்ஸ்தா கடைக்கு வெளியே வந்தாள். ரெய்னால்தோ கத்திரியோடு தெருவில் நின்றான். கூம்பிலிருந்து வயதான ஒரு பெண் குரல் வந்தது.

"ஐயோ... இது அவரேதான்! ஏ புள்ளைகளா, ஓடி வாங்க, மைக்காரரே பேசுறாரு! அண்ணே, நல்லா இருக்கீங்களா? மூணு நாளா உங்க குரல் வரலை. உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நாங்க இங்க ஒருவாய் சோறு தின்னலை."

"நீ... நீங்க யாரு? ஓநாய் எங்க?"

"அது என் பேரன் வச்ச பேரு அண்ணே, எனக்கு மாத்தத் தெரியலை. நான் எல்லை தாண்டி வந்து ஃப்ரெஸ்னோ திராட்சைத் தோட்டத்துல பொட்டி கட்டுறவ. நானும் மலைக்காரிதான், வேற ஊரு. மலையை விட்டு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. காலையில உங்க குரலைக் கேட்டுட்டுத்தான் நாங்க ஒன்பது பேரும் வேலைக்கு இறங்குவோம். யாருதோ கழுதை காணோம்பீங்க, யாரோ ரொட்டி சுட்டிருக்காங்கம்பீங்க. எங்க ஊரு மாதிரியே இருக்கும். அழுதுடுவோம் அண்ணே."

"என் குரல் அங்க எப்படி வருது?"

"உங்க பொண்ணு பதிவு பண்ணி இணையத்துல போடுதே! ரெண்டு வருஷமா. நாலாயிரம் பேரு கேக்கிறோம். தெரிஞ்சா நீங்க வாத்தியார் மாதிரி பேச ஆரம்பிச்சிடுவீங்க, எல்லாம் கெட்டுப்போயிடும்னு நாங்கதான் அவளைச் சொல்லவிடலை. அன்னைக்கு யாரோ ஆம்பளைங்க அவளுக்கு எழுதுறாங்கன்னு நீங்க சொன்னதைக் கேட்டு எங்களுக்கு உசுரே போயிடுச்சு."

தேயோ தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருடம். நாலாயிரம் பேர். மகளின் பெயர், வயது, வகுப்பு, நீலக் கதவு, வீட்டில் ஆளில்லாத நேரம். எந்த ஓநாயும் திருடவில்லை. தினமும் காலையில் தானே, மும்மூன்று தடவை, தெளிவான உச்சரிப்பில்.

"அப்ப என் பொண்ணு பேரு..." அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "எங்க வீடு எங்க இருக்கு, சாவி எங்க வைப்போம், எல்லாம் அத்தனை பேருக்கும் தெரியுமா?"

நொயெமி தலையைக் குனிந்துகொண்டாள். கூம்பு ஒரு கணம் கரகரத்தது.

"எங்க அண்ணே தெரியும்? ஊரு பேரே இன்னும் தெரியாது. நீங்க பேரைச் சொல்ல, நம்பரைச் சொல்ல, சாவி எங்கேன்னு சொல்ல வாயைத் திறந்தாப் போதும், கரெக்டா உங்க வீட்டுச் சேவல் கூவிடுது. நல்ல சேவல் அண்ணே. அதைப் பிடிச்சுக் குழம்பு மட்டும் வச்சுடாதீங்க!"