தனுஷனின் தலை பற்றிய மூன்று கூட்டங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாகத் தொடர்மாடிகள் எத்தனையோ உண்டு. ஆனால், ஒரேயொரு தலைக்காக மூன்று கூட்டங்கள் கூட்டி, மூன்றுக்கும் முறைப்படி அறிக்கை எழுதிக் கையொப்பமும் வைத்த பெருமை, உலகத்திலேயே என் அக்கா குடியிருக்கும் நாலாம் மாடி வீட்டுக்கு மட்டுந்தான் உண்டு. அந்த அறிக்கைகளை எழுதியவன் நான். பெயர் சவுந்தரநாயகம். முப்பத்துநாலு வருடம் அரசாங்கக் கந்தோரில் கோப்புக் கட்டியவன். இளைப்பாறிய பிறகும் கை சும்மா இருக்குதில்லை.

தலை, அக்காவின் மகன் தனுஷனுடையது. வயது முப்பத்திரண்டு, கம்பியூட்டர் கம்பனியில் வேலை, நெற்றி உச்சிவரை போய்விட்டது. கொட்டாஞ்சேனைப் பிள்ளை அஜந்தாவோடு கலியாணம் நிச்சயமாகி, ஏழு கிழமையில் முகூர்த்தம். இந்நிலையில்தான் "மாப்பிள்ளையின் சிகைச் சீரமைப்புக் குழு" உதயமானது. அக்கா தலைவர். அத்தான் உறுப்பினர், அவர் வாய் திறப்பதில்லை என்பதால் எங்கள் தீர்மானங்கள் எல்லாம் ஏகமனதாகவே நிறைவேறின. நான் செயலாளர். மூலையில் தொப்பி போட்டுக்கொண்டு போன் பார்த்த தனுஷனை "பார்வையாளர்" என்று பதிந்தேன்.

முதற் கூட்டத்தில், மணப்பெண் அனுப்பிய குரற்பதிவு சபைக்குப் போட்டுக் காட்டப்பட்டது. "மாமி, நான் அவரை நேரில பாத்துத்தானே ஓம் எண்டனான். எனக்கு அந்தத் தலையில ஒரு பிரச்சினையும் இல்ல."

"அவளுக்கு இல்ல," என்றார் அக்கா. "படத்தைக் கனடாவில பாக்கிறவைக்கு இருக்கே."

மணப்பெண்ணின் கருத்து நன்றியுடன் கோப்பில் இடப்பட்டது.

அடுத்ததாக, சத்திர சிகிச்சையா, அலங்கார சிகிச்சையா என்ற மாபெரும் வினா. முதலில் ஹெவ்லொக் டவுனில் ஒரு டொக்டரிடம் குழுவாகப் போனோம். பிடரியில் உள்ள மயிரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி முன்னுக்கு நடுவதே அவருடைய வித்தை. பின்வரிசையில் கிடப்பவர்களை முன்வரிசைக்குக் கொண்டுவரும் இப்படியொரு நல்ல காரியம் எங்கள் கந்தோரில் ஒருநாளும் நடந்ததில்லை என்று மனதாரப் பாராட்டினேன்.

"நட்ட மயிர் மூண்டு நாலு கிழமையில கொட்டும்," என்றார் டொக்டர். "பயப்பிடத் தேவையில்ல. பிறகு ஆறேழு மாசத்தில வடிவா வளரும்."

அக்கா விரல்விட்டு எண்ணினார். "அப்ப கலியாணத்தண்டு?"

"அண்டைக்கு இப்ப இருக்கிறதை விடக் குறைவாத்தான் இருக்கும், அம்மா."

"முகூர்த்தத்தை மாத்தேலாது, டொக்டர். நீங்கள் மயிரை மாத்துங்கோ."

டொக்டர் மேசையிலிருந்த பேனையைத் திறந்து மூடினார். விஞ்ஞானம் எங்கள் பஞ்சாங்கத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தோற்ற அந்தக் கணத்தை அறிக்கையில் இரண்டு வரியில் பதிந்திருக்கிறேன்.

இரண்டாம் கூட்டத்துக்கு, கொட்டாஞ்சேனையில் சலூன் வைத்திருக்கும் ரொனி, எங்கள் வீட்டுக்கே வந்தார். பெட்டியைத் திறந்து, வலையில் கோத்த கறுப்பு முடியொன்றைப் பூனைக்குட்டி போலத் தூக்கி மேசையில் வைத்தார்.

"பசை போட்டு ஒட்டிட்டா அவ்வளவுதான், மேடம். கல்கிசையில போய் கடல்ல குளிக்கலாம். மோட்டபைக்ல போகலாம். ஒண்ணும் ஆகாது."

"ஆற்ற மயிர் இது?" என்று அக்கா விரலைப் பின்னுக்கு இழுத்தார்.

"இந்தியாவில பொம்பளைங்க கோயிலுக்கு நேந்து மொட்டை போடுறாங்கதானே. அந்த முடி."

அக்காவின் முகம் மலர்ந்தது. "அப்ப பிரசாதம் எண்டு சொல்லுங்கோ."

மொட்டையான ஒரு பெண்ணின் மயிர் மாப்பிள்ளைக்குப் பிரசாதமாகலாம் என்று சபை ஏற்றுக்கொண்டது. அந்த நேரம் பார்த்து, தேத்தண்ணித் தட்டோடு இன்னொரு மொட்டைத் தலை சபைக்குள் வந்தது.

அது தனுஷனின் தங்கை அனுஷியா. போன வருடம் அவளுக்கு மார்பில் புற்றுநோய். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை எவரும் வாயால் சொல்வதில்லை. "பிள்ளைக்குக் கொஞ்சம் சுகமில்லாமல் இருந்தது" என்போம். மகரகம ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் மருந்து ஏற்றி, இப்போது சுகம். கொட்டிய தலைமயிர் ஓர் அங்குலந்தான் முளைத்திருக்கிறது. எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளையின் தங்கைதான் தோழி. மணவறையில் பெண்ணுக்குப் பக்கத்திலேயே நிற்கவேண்டியவள். அனுஷியா அதற்குச் சேலையும் எடுத்து வைத்திருந்தாள்.

ரொனி நல்ல மனுசன். "தங்கச்சிக்கும் ஒண்ணு செஞ்சிரலாமே," என்றார்.

"வேண்டாம் அண்ணை," என்றாள் அனுஷியா. "இது கஷ்டப்பட்டு முளைச்சது. இதை மூடிக்கொண்டு நிக்க எனக்கு விருப்பமில்ல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாமா, ஒவ்வொருக்கா மருந்து ஏத்தேக்கையும் அண்ணாவின்ர கலியாணத்தில தோழியா நிக்கவேணும் எண்டுதான் நினைச்சுக்கொண்டு கிடந்தனான். அதையும் எழுதுங்கோ."

நிகழ்ச்சி நிரலில் இல்லாத விடயம் என்பதால் நான் எழுதவில்லை.

மூன்றாம் கூட்டம் சரித்திரப் புகழ் வாய்ந்தது. கலியாணத்தன்று காலையில் மாப்பிள்ளையின் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து முழுகவார்க்கும் சடங்கு ஒன்று உண்டல்லவா? பாலில் பசை இளகுமா என்ற கேள்வி ஒன்றரை மணித்தியாலம் ஆராயப்பட்டது. "அறுகை நெத்தியில வைக்கலாம், சாமி கோவிக்காது" என்று அக்கா தீர்ப்பளித்தார். வகிடு இடமா வலமா என்பதற்கு முக்கால் மணித்தியாலம். ஆறு விடயங்களும் இவ்வாறு முடிந்தபின், ஏழாவதாக அனுஷியாவின் தலை எடுத்துக்கொள்ளப்பட்டது. அதற்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. "அந்தத் தலையோட மணவறையில நிண்டால், பிள்ளைக்கு என்ன வருத்தம் எண்டு ஊரெல்லாம் கேட்கும்" என்பதால், இடுப்புவரை பின்னல் தொங்கும் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி தோழியாக நிற்பாள் என்றும், அனுஷியா படங்களில் இரண்டாம் வரிசையில், உயரமானவர்களுக்குப் பின்னால் நிற்பாள் என்றும் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவரின் பெயர் அறிக்கையில் இருக்கிறது. இங்கே அது அவசியமில்லை.

தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்ற அனுஷியா அழவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். தண்ணீர்க் குழாய் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

கலியாணநாள் வந்தது. பம்பலப்பிட்டியில் ஹோல். ரொனி வந்து ஒட்டிய முடியில், வகிடு இடப்பக்கம், தனுஷன் பத்து வயது குறைந்து நின்றான். அக்காவின் கண் கலங்கியது. அப்போது ஐயர் தலைப்பாவை எடுத்துத் தனுஷனின் தலையில் வைத்தார். காதுவரை மூடிவிட்டது.

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்கள் மாப்பிள்ளைமார் கலியாணம் முடியும்வரை தலைப்பாவோடுதான் இருப்பார்கள் என்பது மூன்று கூட்டத்திலும் ஒருவருக்கும் நினைவில் வரவில்லை.

"எனக்கு முதற் கூட்டத்திலயே வந்தது, மாமா," என்றாள் பின்னால் நின்ற அனுஷியா. "ஒருத்தரும் கேக்கேல்ல."

மூன்று மணித்தியாலம் ஓமப்புகை, வியர்வை. தாலி ஏறியது. படப்பிடிப்பாளர் கையைத் தட்டினார். "மாப்பிள்ளை, தலைப்பாவைக் கழட்டிப்போட்டு ஒரு ஃபமிலி படம் எடுப்பம்."

தனுஷன் கழற்றினான். தலைப்பாவோடு பிரசாதமும் சேர்ந்து வந்துவிட்டது. நானூறு பேர் முன்னால் அவனுடைய தலை பளபளத்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. "பாவம் பெடியன், வேலைக் கஷ்டம்," என்றார் ஒருவர். "ஆம்பிளைக்கு இதில என்ன," என்றார் இன்னொருவர். அஜந்தா மட்டும் நிம்மதியாக மூச்சுவிட்டாள். "இப்பத்தான் நான் பாத்த ஆள்," என்றாள். ஆகமொத்தம் அரை நிமிடத்தில் எல்லாம் மறந்துபோய், அவனை நடுவில் நிறுத்தி எல்லோரும் அணிவகுத்தோம். நான் உயரமானவன் என்பதால் என்னை அனுஷியாவுக்கு முன்னால் நிற்பாட்டியிருந்தார்கள்.

என் தோளுக்குப் பின்னாலிருந்து அவள் மெதுவாகக் கேட்டாள்: "மாமா, அப்ப அண்ணாவும் ரெண்டாம் வரிசைக்கு வரவேணுமோ?"

முப்பத்துநாலு வருடத்தில் நான் பதில் எழுதாத கடிதம் கிடையாது. பதில் தெரியாவிட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்றாவது எழுதுவேன். அன்று கமராவைப் பார்த்தபடி நிமிர்ந்து நின்றேன். விலகி நின்றிருக்கலாம்; அதுவும் செய்யவில்லை. படம் எடுத்து முடிந்துவிட்டது.

அந்தப் படம் இப்போது அக்காவின் வரவேற்பறையில் தொங்குகிறது. அனுஷியா இருக்கவேண்டிய இடத்தில் என் தோள் இருக்கிறது. போன ஞாயிறு அதைப் பார்த்துவிட்டு வந்து, கோப்பை எடுத்துப் புரட்டினேன். மூன்றாம் கூட்டம், ஏழாம் விடயம். முன்மொழிந்தவர்: சவுந்தரநாயகம். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லை.