நைனாவுக்கு ஒரு ரிலீவர்

அக்கா, நைனா இன்னும் சாவல, உசுரோடதான் கீறாரு. நீ மாமாவை வுட்டு என்கிட்ட கேட்ட கேள்விக்கு அதான் பதில். என் நம்பரை பிளாக் பண்ணி வச்சுக்கினா, நான் இப்டி பேப்பர்ல எழுதி உங்க ஊரு பள்ளிப்பட்டு பஸ்லதான் குடுத்தனுப்பணும்.

இனி முறைப்படி. அன்புள்ள அக்கா குணசுந்தரிக்கு, தம்பி அன்புசெல்வன் வணக்கத்துடன் எழுதுவது. அங்கு நீயும் மாமாவும் பிள்ளைகளும் நலம் என நம்புகிறேன். இங்கு நலமாக இருப்பவர் யாருமில்லை.

மாரடைப்புன்னு திருவள்ளூர் ஆஸ்பத்திரி ஐசியூல சேத்தோமா, நைனாவோட பிரஷர் கீழ போய்க்கினே இருந்துச்சு. அதனால மணிக்கட்டு ரத்தக் குழாய்க்குள்ள ஒரு டியூபை சொருவி, துடிப்புக்குத் துடிப்பு பிரஷர் இன்னான்னு டிவி மாதிரி பெட்டில கோடா ஓட வுட்டாங்க. அந்தக் கோட்டைப் பாத்துதான் மருந்தை ஏத்துறதும் கொறைக்கிறதும். டியூப் அடைச்சுக்காம இருக்க மேல ஒரு தண்ணி பை, அதை அமுக்கிப் புடிக்க காத்தடிச்ச உறை, உறைல ஒரு முள்ளு மீட்டர். முள்ளு எப்பவும் முந்நூறுல நிக்கணுமாம். நர்ஸ் ஷைனி எனக்கு பொறுமையா சொல்லிச்சு. நைனாவுக்கு சொல்றதுக்குள்ள அவரு முழிச்சுக்கினாரு.

கும்முடிப்பூண்டில காலம்பூரா பாய்லர் ஓட்டுன மனுசன். கண்ணைத் தொறந்ததும் பாத்தது அந்த முள்ளைத்தான். "முந்நூறா! எனக்கு முந்நூறு ஏறிக்கீது, நீங்க வேடிக்க பாத்துக்கினு கீறீங்களா?"ன்னு உறைல தொங்கின காத்தடிக்கிற பம்பை எட்டிப் புடிச்சு, திருகைத் தொறந்து காத்தை வுட்டுட்டாரு. உஸ்ஸுன்னு எறங்குது, இவரு மூஞ்சில நிம்மதி. பாத்தா டியூப்ல ரத்தம் பின்னாடி ஏறுது, கோடு படுத்துக்கிச்சு, பெட்டி கத்துது, ஷைனி ஓடியாந்து மறுபடி காத்தடிச்சு சரி பண்ணிச்சு. "பெரியவரே, அது பையோட பிரஷர், உங்களுது இல்ல. இன்னொரு தபா தொட்டா கையைக் கட்டிடுவோம்!"

அதை நம்பிட்டாரு. ஆனா தூங்க மாட்டேன்றாரு. இதயத்துக்கு ரெஸ்ட் வேணும், தூக்க மருந்து குடுத்தா பிரஷர் வுழுந்துடும், தானா தூங்கலன்னா கஷ்டம்னு டாக்டர் சொல்றாரு. இவரு கையைத் திருப்பித் திருப்பி பெட்டியையே பாக்குறாரு.

"மீட்டர் ஓடுறப்போ ஆபரேட்டர் தூங்கலாமா? என் ஷிப்டை மாத்திவுட ரிலீவர் எங்க?"

"நான்தான் ரிலீவர்"ன்னுச்சு ஷைனி.

"உனக்கு இன்னும் ரெண்டு பெட்டு கீதும்மா. ஒரு பாய்லருக்கு ஒரு ஆளு."

"அப்ப உங்க பையன்?"

"இவனா? பாலிடெக்னிக்கையே பாதில வுட்டவன். ஊட்டு மோட்டாரைப் போட்டா ஆஃப் பண்ண மாட்டான், டேங்க் வழிஞ்சு தெருவே குளிக்கும்."

"ஸ்டாக்குல இவருதான் இருக்காரு."

நைனா என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. பெருமூச்சு வுட்டாரு. கம்பெனில ஷிப்டு மாறுறப்போ ரீடிங்கை வாயால சொல்லி ஒப்படைப்பாங்களே, அப்டியே சொன்னாரு. "மேல தொண்ணூத்தாறு, கீழ அம்பத்தெட்டு. திருப்பிச் சொல்லு." சொன்னேன். "சார்ஜ் எடுத்துக்கினேன்னு சொல்லு." எடுத்துக்கினேன்னேன். கையை நீட்டி ஆடாம வச்சுக்கினு கண்ணை மூடிட்டாரு.

அதோட என் கதை முடிஞ்சுச்சுக்கா. நாஷ்டா இல்ல, ஒண்ணுக்குப் போவ முடில. ஸ்டூலு கிரீச்சுன்னா ஒரு கண்ணைத் தொறந்து "எங்கடா?"ன்றாரு. ஆடாம கெடந்தா தூக்கமா, இல்ல போயிட்டாரான்னு அந்தக் கோட்டைப் பாத்துதான் தெரிஞ்சுக்கணும். பொழைப்பாரான்னு கேட்டா, "இப்ப சொல்ல முடியாது"ன்றாங்க. எதையும் பாதில வுட்டே பழகுன காலு, தானா வாசலைப் பாத்து திரும்புது. ஓடிடுவேனோன்னு பயமா கீது. உடனே கெளம்பி வந்து என்னை ரிலீவ் பண்ணு.

மாமாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உன் வரவை எதிர்பார்க்கும் தம்பி, அன்பு.

பி.கு.: வராதக்கா. இப்பதான் ஷைனி, "நான் பாத்துக்குறேன், போய் டீ குடிச்சுட்டு வா"ன்னுச்சு. நைனா கண்ணைத் தொறக்காமயே சொல்றாரு, "டூட்டி அவனுதும்மா. அவன் பாத்துக்குவான்." நீ வந்தா மறுபடி ரீடிங் ஒப்படைக்கணும், அவரு முழிச்சுக்குவாரு. பெட்டி கத்துது, போறேன்