பூட்டிய பெட்டிக்குள் பூத்த ஆர்க்கிட்

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தை மாமனார் வீட்டில் பேசக் கூடாது. நான் பேசினேன். அதுவும் பி.எஸ்.சி. தாவரவியல் என்கிற மிதப்பில்.

எழுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி மூன்று மாதம். பள்ளிக்கூட வாத்தியாரான நான் கோடை விடுமுறைக்கு மாமனார் வீட்டில் தங்கியிருந்தேன். காரைக்குடியில் அந்த வீட்டு முற்றத்தில் தேங்காய் மட்டையில் கட்டிய ஆர்க்கிட் ஒன்று தொங்கியது. பினாங்கில் கடை வைத்திருந்த மாமனார், முந்தின பயணத்தில் கொண்டுவந்தது. வெறும் இலைதான்.

"அங்குட்டு வெள்ளை வெள்ளையாப் பூத்துக் கொட்டும் மாப்பிள்ளை. இங்குட்டு ஒண்ணு காணோம். கப்பலேறுறதுக்குள்ள ஒரு தடவை பாத்துட்டாப் போதும்" என்றார்.

"இருட்டு பத்தலை மாமா. தினம் பதினாலு மணி நேரம் இருட்டுல இருந்தாத்தான் பூக்கும்." (நான் படித்திருந்தது மொத்தம் ஒரே ஒரு பத்தி.)

மாலை ஐந்திலிருந்து காலை ஏழு வரை செடியைத் தேயிலை வந்த பழைய மரப்பெட்டிக்குள் வைத்து மூடினேன். யார் விட்டார்கள்? மாமியார் திறந்து டார்ச் அடிப்பார்.

"இருட்டாத்தான் இருக்கான்னு பாத்தேன் மாப்பிள்ளை!"

மூச்சு முட்டுமே என்று என் மனைவி ஜமீலா மூடியைச் சாய்த்து வைப்பாள். பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. கொண்டி அடித்துப் பூட்டிவிட்டேன். சாவி என் சட்டைப்பையில்.

நடுவில் ஒரு நாள் நல்ல மழை. அடுத்த வாரம் ஒரு காலையில் திறந்தால், தண்டில் பச்சைப்பயறு மாதிரி மொட்டுகள்! எல்லாம் என் இருட்டின் மகிமை என்று குதித்தேன். அந்த நேரம் பார்த்து விடைத்தாள் திருத்த மதுரைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள். இவர்களை நம்பி விட்டுப்போக முடியுமா? பூட்டிச் சாவியோடு பஸ் ஏறினேன்.

திரும்பி வந்தபோது, மாமனார் பெட்டியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நேத்து விடிஞ்சதுலேர்ந்து வீடே மணத்துச்சு மாப்பிள்ளை. இடுக்குல மூக்கை வச்சு மோந்துக்கிட்டே இருந்தேன்."

"உடைச்சிருக்கலாமே மாமா!"

"மாப்பிள்ளை பூட்டுனீக. நாங்க உடைக்கலாமா?"

திறந்தேன். நாலைந்து வெள்ளைப் பூக்கள் நனைந்த காகிதமாகத் துவண்டு கிடந்தன.

சில ஆர்க்கிட்களுக்குத்தான் நீண்ட இருட்டு வேண்டுமாம். இந்த ரகம் திடீர் மழையில் உடல் குளிர்ந்தால் ஒன்பதாம் நாள் வாக்கில் பூக்கும், ஒரே பகலில் வாடிவிடும் என்று பிறகுதான் படித்தேன். (முன்னமே படித்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்!) பெட்டியைத் திறந்த மறுநாளே மாமனார் கப்பலேறப் புறப்பட்டுவிட்டார்.

அதன்பின் ஊருக்கு வரும்போதெல்லாம், பார்க்க வந்தவர்களிடம் என்னைக் காட்டிச் சொல்வார்: "இவுகதான் எங்க மாப்பிள்ளை. பூவை மோந்துக்கிட விடுவாக, பாக்க விடமாட்டாக."

அவர் காலமாகிப் பல வருஷமாயிற்று. இப்போது அதை என் பேரப்பிள்ளைகள் சொல்கிறார்கள், வீட்டுக்கு வரும் அத்தனை பேரிடமும்.