உலக அமைதிக்கு ஒரு நடவுப் பாட்டு

நாலு வரி எழுதத் தெரிந்தவனுக்கு உள்ளூர் போதாது. எனக்கு ஒரகடம் போதவில்லை. (அப்போது அங்கே கம்பெனி ஏது, ஏரியும் வயலும்தான்.)

எழுபதுகளின் கடைசியில் ஒரு வெளிநாட்டு வானொலி சர்வதேசப் பாட்டுப் போட்டி அறிவித்தது. எந்த மொழியிலும் அனுப்பலாம். நான் உலக அமைதியைப் பற்றி எழுதினேன். உலகமே அதற்காகக் காத்திருப்பதாக நினைப்பு. அப்பாதான் காத்திருக்கத் தயாராக இல்லை.

"இதுவும் ஆவலன்னா பெரியப்பா அரிசி மண்டில போய் குந்திக்க. அப்புறம் பாட்டுன்ற பேச்சே இருக்கக் கூடாது."

கோரஸ் பாட ஆள் வேண்டுமே. எங்கள் பக்கம் சேர்ந்து பாடத் தெரிந்தவர்கள் நடவுப் பெண்கள்தான். அவர்களுக்கோ சேற்றில் குனிந்தால்தான் குரல் வரும். முன்பாட்டுப் பாடுகிறவள் என் மாமன் மகள் வள்ளி. பாட்டைச் சொல்லிக் கொடுத்து, இரவல் டேப் ரிக்கார்டரை ஓடவிட்டு, இரவல் வெள்ளை பேண்ட்டில் வரப்பில் நின்று கையை ஆட்டினேன்.

நடவின்போது வரப்பில் சும்மா நிற்கிறவனைக் கேலி செய்து பாடுவது வழக்கம். எனக்கும் தெரியும். உலகக் கவிஞனுக்கு விலக்கு உண்டு என்று நானாக முடிவு செய்திருந்தேன்.

இரண்டு வரிதான் அமைதி நிலவியது.

"வரப்பு மேல நிக்கிறாரு வெள்ளப் பேண்ட்டு மாமா,
வழுக்கி வுழுந்தா தொவைக்கிறது அவங்க அம்மாவா நாமா?"

"ஏ வள்ளி, டேப்பு ஓடிக்கினு கீது" என்று பதறி ஓடியவன் வழுக்கிச் சேற்றில் விழுந்தேன். 'தொப்' சத்தமும் சிரிப்பும் சுத்தமாகப் பதிவாயின.

இருந்தது ஒரே கேசட். கெடுவோ நெருங்கிவிட்டது. வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரியவா போகிறது என்று அப்படியே தபாலில் சேர்த்தேன்.

சில மாதம் கழித்து முடிவு சொன்னார்கள். அப்பா ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆறுதல் பரிசு. ஆனால் அமைதியை வெட்டிவிட்டு, வள்ளியின் வரியிலிருந்து 'தொப்' வரைதான் ஒலிபரப்பினார்கள். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"மண்டி எங்கயும் ஓடிடாது. இன்னொண்ணு எழுதிப் பாரு" என்றார்.

அதன்பிறகு எத்தனையோ நாட்டுப் போட்டிகளுக்கு எழுதிவிட்டேன். சிலவற்றில் தேறியும் இருக்கிறேன். வள்ளியையே கட்டிக்கொண்டேன். இன்றும் பேனாவும் கையுமாக நான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், சமையற்கட்டிலிருந்து அவள் பிள்ளைகளுக்குக் குரல் கொடுப்பாள்:

"உங்கப்பாவுக்குப் பாட்டு வரலியாம். யாராச்சும் புடிச்சித் தள்ளிவுடுங்க."